அளவும் ஆண்டுகளும்



மருத்துவ அறிவு பொதுமக்களை அவர்கள் மொழியிலேயே சென்றடைய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த அறக்கட்டளை ஒன்றின் சார்பில் பேசுகிறேன். கொலஸ்ட்ரால் என்னும் பொருளை எடுத்துக்கொள்கிறேன். இந்த அரங்கில் நாற்பதைக் கடந்த பெரும்பாலோர் வீட்டில் 'லிப்பிட் ப்ரொஃபைல்' என்ற தலைப்பில் ஒரு பரிசோதனைத் தாள் இருக்கும். ஐந்தாறு எண்கள், எதிரே, இருக்கவேண்டிய அளவு. ஏதாவது ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால் கலங்கிப்போகிறோம். எதுவும் தடிக்கவில்லை என்றால் தாளை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். இந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

சொல்லவந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால்' என்ற பாகுபாடு நமக்குப் பாதி உண்மையைத்தான் தருகிறது. தமனியின் சுவருக்குள் புகக்கூடிய கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் எவ்வளவு இருந்தன, எத்தனை ஆண்டுகள் இருந்தன என்ற இரண்டும் சேர்ந்துதான் இதயத்தின் கதியை முடிவு செய்கின்றன. அளவைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் ஆண்டுகளை மறந்துவிடுகிறோம்.

ஒரே பொருள், பல வாகனங்கள்

கொலஸ்ட்ரால் நஞ்சு அன்று. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. வைட்டமின் டி, ஆண்மை பெண்மைக்கான ஹார்மோன்கள், அட்ரினல் சுரப்பியின் ஸ்டீராய்டுகள், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே மூலப்பொருள். தேவையானதில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வருவது குறைவு.

கொழுப்பு நீரில் கரையாது; ரத்தமோ பெரும்பகுதி நீர். அதனால் கல்லீரலும் குடலும் கொழுப்பைப் புரதத்தால் போர்த்தி, நுண்ணிய துகள்களாக்கி அனுப்புகின்றன. உணவுக் கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றிச் செல்பவை கைலோமைக்ரான்கள். கல்லீரல் அனுப்புபவை வி.எல்.டி.எல். துகள்கள், இவற்றில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுதி. போகும் வழியில் அதைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் இறக்கிவிட்டுச் சுருங்கிய பின் எஞ்சுவது எல்.டி.எல். இதில் கொலஸ்ட்ரால் மிகுதி. எச்.டி.எல். வேறு வகை, செல்களில் மிஞ்சிய கொலஸ்ட்ராலை வாங்கிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு.

ஆக, எல்.டி.எல்.லில் இருப்பதும் எச்.டி.எல்.லில் இருப்பதும் ஒரே கொலஸ்ட்ரால்தான். வேறுபடுவது அதைச் சுமக்கும் துகள். வி.எல்.டி.எல்., அதன் எச்சங்கள், எல்.டி.எல். ஆகிய அனைத்திலும் துகளுக்கு ஒன்றாக 'அபோ பி' என்ற புரதம் இருக்கிறது. தமனிக்குள் புகுந்து கேடு செய்பவை இந்த அபோ பி குடும்பத்துத் துகள்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாக விளங்கும்.

நூறாண்டுத் தேடல்

1910-இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வின்டவ்ஸ், நோயுற்ற மகாதமனிகளில் இயல்பானவற்றைவிடப் பல மடங்கு கொலஸ்ட்ரால் இருப்பதைக் கண்டார். 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ், முயல்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலைக் கொடுத்து, மனிதருக்கு வருவதைப் போன்ற தமனித் தடிப்பை உண்டாக்கிக் காட்டினார். நாற்பதாண்டு கழித்து, அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன் அதிவேகச் சுழற்சிக் கருவியில் ரத்தத்தைச் சுழற்றி, கொழுப்புத் துகள்களை அடர்த்தியால் வகை பிரித்தார். இன்று நம் தாளில் உள்ள எல்.டி.எல்., எச்.டி.எல். என்ற பிரிவினை அந்த வழியில் வந்தது.

1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் பதிவு செய்து, அவர்கள் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர ஆரம்பித்தார்கள். உயர் ரத்த அழுத்தம், புகை, கொலஸ்ட்ரால் ஆகியவை மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பதை உலகம் அந்த மக்களிடமிருந்தே தெளிவாகக் கற்றது.

என்னை மிகவும் பாதித்த ஆய்வு 1953-இல் வந்தது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 22. இதய நோயின் அறிகுறி எதுவும் அறியப்படாத இளைஞர்கள். அவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேலானவர்களின் இதயத் தமனிகளில் நோயின் தடம் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. மாரடைப்பு ஐம்பதிலோ அறுபதிலோ வருகிறது. அதன் தொடக்கம் இருபதிலேயே இருக்கிறது.

சுவருக்குள் நடப்பது

தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைப்பதைப் போலத்தான் இதயத் தமனியும் அடைபடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். குழாயில் உப்பு உள்பரப்பின்மேல் படிகிறது. தமனியில் நடப்பதெல்லாம் சுவருக்கு உள்ளே. எல்.டி.எல். போன்ற துகள்கள் தமனியின் மெல்லிய உட்படலத்தைத் தாண்டிச் சுவருக்குள் நுழைகின்றன. சில அங்கேயே சிக்கிக்கொண்டு வேதிமாற்றம் அடைகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கிப் பெருத்து, அங்கேயே மடிகின்றன. அழற்சி தொடர்கிறது. மேலே நார்த்திசுவால் ஒரு மூடி உருவாகிறது. இதுவே தமனித் தடிப்பு.

தடிப்பு ஆரம்பத்தில் வெளிப்புறமாகவே வளர்வதால் ரத்தம் ஓடும் பாதை குறுகுவதில்லை. அதனால் வலி இல்லை, மூச்சு வாங்குவது இல்லை, ஈ.சி.ஜி.யில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். பிறகு ஒரு நாள் அந்த மூடி கிழிகிறது. உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொட்டதும் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் தமனி முழுதும் அடைபடுகிறது. முந்தின நாள் வரை நன்றாக நடமாடியவர் எப்படித் திடீரென்று விழுந்தார் என்று வீட்டார் கேட்கும் கேள்விக்கு விடை இதுதான். திடீரென்று நிகழ்ந்தது கிழிசல் மட்டுமே. தடிப்பு பல பத்தாண்டுகளாக வளர்ந்துகொண்டிருந்தது.

புகையிலை, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் மூன்றும் இந்தச் சுவரைப் பழுதாக்கி, துகள்களின் வேலையை எளிதாக்குகின்றன. எனவே ஒரே எல்.டி.எல். அளவு இருவருக்கு ஒரே ஆபத்தைத் தருவதில்லை. தாளில் உள்ள எண்ணை அதற்குரிய மனிதரோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

எச்.டி.எல். தந்த பாடம்

எச்.டி.எல். கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1970-களில் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு காட்டியது. 'நல்ல கொலஸ்ட்ரால்' என்ற பெயர் அதற்கும், 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்ற பெயர் எல்.டி.எல்.லுக்கும் நிலைத்தன. நல்லதைக் கூட்டினால் நன்மை கூடும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அதைச் சோதிக்க டார்செட்ராபிப் என்ற மருந்தை 15,000-க்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்தார்கள். எச்.டி.எல். 70 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. ஆனால் மருந்து பெற்றோரிடையே இறப்பு கூடியது. 2006 டிசம்பரில் ஆய்வை நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த மருந்துக்கே உரிய பக்கவிளைவுகள் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எச்.டி.எல்.லை உயர்த்தும் நயாசின் என்ற மருந்தும், எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துக்கு மேல் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, பிறவியிலேயே எச்.டி.எல். சற்றுக் கூடுதலாக அமைந்தவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று காட்டியது.

இதன் பொருள் என்ன? எச்.டி.எல். குறைவாக இருப்பது ஓர் அறிகுறி. பெரும்பாலும் தொப்பை, உடலுழைப்பின்மை, இன்சுலின் சரிவர வேலை செய்யாமை, மிகுந்த ட்ரைகிளிசரைடு ஆகியவற்றோடு சேர்ந்தே அது வருகிறது. அந்த மூலக் காரணங்களைச் சரிசெய்வதுதான் வைத்தியம். மறுபுறம், 'எனக்கு நல்ல கொலஸ்ட்ரால் நிறைய இருக்கிறது, கெட்டது கூடினால் பரவாயில்லை' என்று ஆறுதல் கொள்வதற்கு அறிவியலில் இடமில்லை.

நம் ஊர்த் தாள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளின் விவரத்தை 2014-இல் வெளியிட்டது. எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72 விழுக்காடு. ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருந்தவர்கள் சுமார் 30 விழுக்காடு. எல்.டி.எல். கூடுதலாக இருந்தவர்கள் 12 விழுக்காடுதான். பத்தில் எட்டுப் பேரிடம் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வோ, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதில் வருகிறது என்று காட்டியது. எல்.டி.எல். எண் பெரிதாக இல்லை. மாரடைப்போ ஆறாண்டு முந்துகிறது. புகை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவை நம்மவர்களை இளவயதிலேயே பிடித்துக்கொள்வது இதற்குப் பெரிய காரணம். நாம் தவறான எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. மொத்தம் 200-க்குக் கீழ் என்பதால் அவர் மகிழ்ச்சி அடைகிறார். பல ஆய்வகங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கும் 1972-ஆம் ஆண்டின் ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி இவருடைய எல்.டி.எல். 108. கொஞ்சம்தான் கூடுதல் என்று தோன்றும். இப்போது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள். 156 வருகிறது. இதற்கு 'நான்-எச்.டி.எல்.', அதாவது எச்.டி.எல். அல்லாதது, என்று பெயர். அபோ பி குடும்பம் முழுவதும் சுமக்கும் கொலஸ்ட்ரால் இது. ஆபத்துக் காரணிகள் குறைந்தவருக்கே இது 130-க்குக் கீழ் இருக்கவேண்டும். எல்.டி.எல். மறைத்ததை இந்த எண் காட்டிவிடுகிறது. இதற்குத் தனிச் செலவு இல்லை. ஒரு கழித்தல் போதும். சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்திலும் இதை நம்பிக் கணக்கிடலாம்.

இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த எண்ணுக்குச் சிறப்பிடம் தருகிறது. ஆபத்துக் குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், ஆபத்து மிகுந்தவர்களுக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களைப் போன்ற மிக மிக ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கு 55-க்குக் கீழ் என்கிறது அது. எனவே தாளில் அச்சிட்ட 'இயல்பான அளவு' எல்லோருக்கும் பொருந்தாது.

இன்னொரு துகளையும் சொல்லவேண்டும். லைப்போபுரோட்டீன் (ஏ) என்பது எல்.டி.எல். போன்ற துகளோடு கூடுதலாக ஒரு புரதம் இணைந்தது. இதை 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தார். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவாலும் உடற்பயிற்சியாலும் பெரிதாக மாறாது. உலகில் ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதல் என்று மதிப்பிடுகிறார்கள். வாழ்நாளில் ஒரு முறையாவது இதைச் சோதிக்கவேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

தட்டில் இருப்பது

முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கி எறிந்துவிட்டு, நெய் சொட்டும் இனிப்பையும் வடையையும் சாப்பிடுபவர்கள் பலர். பெரும்பாலோருக்கு உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட, நிறைவுற்ற கொழுப்பே எல்.டி.எல்.லை அதிகம் உயர்த்துகிறது. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் கல்லீரலின் ஏற்பிகளை அது குறைத்துவிடுகிறது. நெய்யில் பாதிக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இது ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று எண்ணெய்ப் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பேர்சொல்லும்படி இருப்பதில்லை. வனஸ்பதியிலும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயிலும் வரும் டிரான்ஸ் கொழுப்பு இன்னும் கொடியது. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் சோற்றைப் பற்றிப் பேசுவதில்லை. தீட்டிய வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவற்றை வேண்டிய அளவுக்கு மேல் உண்ணும்போது கல்லீரல் அந்த மிகுதியைக் கொழுப்பாக்கி, வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, எச்.டி.எல். இறங்குகிறது. நம் ஊர்த் தாளின் அடையாளமே இதுதான். சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், கீரை, காய், மீன் ஆகியவற்றைக் கூட்டுவது நம் மண்ணுக்கு ஏற்ற மாற்றம். வேர்க்கடலையும் நல்லதே, அளவோடு. நாளும் அரைமணி நேரம் விரைவு நடை, எடைக்குறைப்பு, மதுவையும் புகையையும் விடுதல் ஆகியவற்றின் பலன் ட்ரைகிளிசரைடில் சில வாரங்களிலேயே தெரியும்.

அரிசியில் கிடைத்த மருந்து

உணவு மாற்றத்தால் மட்டும் எல்.டி.எல். எல்லோருக்கும் போதிய அளவு குறைவதில்லை; சிலருக்கு மருந்தும் வேண்டும். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வழியைத் தடுக்கும் பொருளைத் தேடி, ஏறத்தாழ 6,000 நுண்ணுயிரிகளைச் சோதித்தார். 1973-இல் ஒரு நீலப் பூஞ்சையில் அது கிடைத்தது. கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிலிருந்து வந்த பூஞ்சை அது. அதே காலத்தில் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் எல்.டி.எல். ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலின் தயாரிப்பு குறைந்தால் அது கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும். எண்டோவின் தேடலில் பிறந்த ஸ்டேட்டின் மருந்துகள் வேலை செய்யும் விதம் இதுவே.

1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் இறப்பை 30 விழுக்காடு குறைத்தது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்.டி.எல்.லை 39 மில்லிகிராம் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய கேடுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெரிந்தது. பக்கவிளைவே இல்லை என்று சொல்லமாட்டேன். சிலருக்குத் தசைவலி வரும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது சற்று முந்தலாம். ஆனால் ஸ்டேட்டின் எடுப்போர் சொல்லும் தசைவலியில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அந்த மருந்தால் வருவதன்று என்பதை, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளின் 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். 'கொலஸ்ட்ரால் நார்மலுக்கு வந்துவிட்டது' என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அதை நார்மலில் வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தையும் இங்கே நன்றியோடு குறிப்பிடவேண்டும். நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்துசேரும் முன்பே சிகிச்சை ஆரம்பமாகிவிடுகிறது.

ஆண்டுகளின் கணக்கு

இனி என் மையக் கருத்துக்கு வருகிறேன். கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் ஒன்று உண்டு. பிறவியிலேயே அந்த மரபணு பழுதாகி, புரதம் குறைவாகச் சுரப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஆய்வில், அமெரிக்கக் கறுப்பின மக்களில் இத்தகையோரின் எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 விழுக்காடு குறைவாக இருந்தது. பதினைந்து ஆண்டுப் பின்தொடர்தலில் அவர்களுக்கு இதயத் தமனி நோய் வந்த விகிதம் 88 விழுக்காடு குறைவு. அவர்களில் பலருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தன, புகைத்தவர்களும் உண்டு.

இந்த எண்ணை ஸ்டேட்டின் ஆய்வுகளின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவயதில் மருந்து தொடங்கி ஐந்தாண்டு எல்.டி.எல்.லை ஏறக்குறைய இதே அளவு குறைத்தவர்களுக்கு நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிறந்த நாள் முதல் குறைவாகவே இருந்தவர்களுக்குப் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. இரண்டிலும் எல்.டி.எல். குறைந்த அளவு ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது ஆண்டுகள்.

இதன் மறுபக்கம், குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால். எல்.டி.எல். ஏற்பிகள் பிறவியிலேயே பாதிதான் வேலை செய்யும் இந்த நிலை ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களுக்கு எல்.டி.எல். பெரும்பாலும் 190-ஐத் தாண்டும். மருந்து இல்லாவிட்டால் முப்பதிலும் நாற்பதிலுமே மாரடைப்பு வரலாம். இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே வரலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இதைக் கண்டுபிடித்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரையும் சோதிக்கவேண்டும். அந்த ஒரு சோதனை பல உயிர்களைக் காக்கும்.

மாணவச் செல்வங்களே, இவ்வளவும் உங்களை முன்னிறுத்தியே சொன்னேன். மாரடைப்பு வந்த பெரியவரைக் கவனித்துக்கொள்வதில் நம் குடும்பங்கள் குறைவைப்பதில்லை. ஆனால் அவருடைய இருபத்தைந்து வயது மகனின் ரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. 18 வயதிலேயே முதல் லிப்பிட் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்கிறது 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அப்போது எண் கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு மாத்திரை தேவைப்படாது. உணவும் நடையும் புகையின்மையும் போதும். அந்தச் சிறிய மாற்றம் நாற்பது ஆண்டுகள் உங்கள் தமனியோடு கூடவே இருக்கும். ஐம்பதில் எந்த மருந்தும் கடந்துபோன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். வீட்டிலுள்ள தாளை எடுத்து, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, வரும் எண்ணை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அடுத்த தலைமுறையை இந்த ஆண்டே சோதியுங்கள். மருத்துவர் சொன்ன மருந்தை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கொலஸ்ட்ரால் பற்றி நூறாண்டுகளில் உலகம் சேர்த்த அறிவு மிகப் பெரிது. அதைப் பயன்படுத்துவதற்கு நமக்கு வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனையும், அதை ஐம்பது வரை தள்ளிப்போடாத மனமும்தான்.